கெவுளி உத்தரவு

ஸ்டூல் ஆடுதுங் தம்பி, கட்டில் மேலயே ஏறிக்குங்க. மெத்தைக்கு மேல பழைய சீலை விரிச்சுத்தான் வெச்சிருக்கறேன், அழுக்கானா ஆகட்டும். இப்ப அதுல படுக்கறதுக்கு ஆருமில்ல. என்ர பையன் கீழ ஆசாரத்துல, அதான் முன் ஹால்லதான் படுக்கறான்.

போன்ல அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்? நான் வந்தப்பறந்தான் ஏசி மூடியத் தொறக்கோணும்னா? சொல்லுவான், சொல்லுவான். மஞ்ச மண்டியில இருந்து சாப்பாட்டுக்கு வர அவனுக்கு ஒரு மணி ஆயிரும். அதுவரைக்கும் நீங்க செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களா? தொறங்க. ஊடு என்ர பேர்லதான் இருக்குது. சாந்தாமணி சொன்னாங்கன்னு சொல்லுங்க, அவன் ஒண்ணும் பேசமாட்டான்.

மொதல்ல ஓட்டிப் பாக்கோணுமா? ஓட்டுங்க. ஒரு வருசத்துக்கு மேலாச்சு நான் போட்டு. ரிமோட் இந்தாங்க, பேட்டரிக் கட்டை மாத்தி வெச்சிருக்கறேன். ஓடுது பாருங்க. குளுரு அப்படியே வருது. கொஞ்ச நேரம் ஓடட்டும்கறீங்களா, சரி, ஓடட்டும். எனக்குத்தான் இந்தக் காத்து ஆகாது, முட்டியப் புடிச்சுக்கும். நான் வாசப்படிகிட்ட நின்னுக்கறேன்.

இந்தப் பொட்டிக்குள்ள நீங்க ஒரு எறும்பைக் கண்டுபுடிச்சுட்டீங்கன்னா எம்பேரை மாத்திக்கறேன். பெருமைக்குச் சொல்லலீங்க. நவநீதன் கல்யாணத்துக்குன்னு வாங்கி மாட்டுனது. நவநீதன்கறது என்ர பையன், ஒரே பையன். மாட்டி ரெண்டு மாசத்துல நின்னுபோச்சு. ஒரு மெக்கானிக்கு வந்து வெளிய இருக்கற பொட்டியத் தொறந்தா, உள்ள போர்டு மேல ஒரு கெவுளி கருகி ஒட்டிக் கெடக்குது. பல்லிம்பீங்க நீங்க. உங்க பேச்சைக் கேட்டா திண்டுக்கல் பக்கமாட்ட இருக்குது. எங்க பக்கம் கெவுளிம்போம்.

வெறும் பூச்சின்னு நெனைச்சுக்காதீங்க. எங்க கோயில்ல நோம்பி, அதான் திருவிழா, சாட்டறதுன்னாலே கெவுளி உத்தரவு கேட்டுத்தான் சாட்டுவாங்க. பூசாரி பூவை வெச்சுட்டு நிப்பாரு. ஊரே வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கும். கெவுளி டிக்டிக்குன்னாத்தான் அடுத்த காரியம். ஊட்டுலயும் அப்படித்தான். நாம ஒண்ணு பேசி வாய மூடறப்ப அது சொல்லிருச்சுன்னா, பேசுனது நெசம். வெரலை மடக்கி தரையில மூணு தட்டு தட்டிட்டு எந்திரிச்சுப் போயிர வேண்டியதுதான். அதுக்கு மேல பேச்சில்ல. அப்படிப்பட்ட சீவன் நம்மூட்டு மெசின்ல கருகிக் கெடந்தா எப்படி இருக்கும்? மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி இதுக்குள்ள ஒரு சீவன் போகக் கூடாதுன்னு. பைப்பு செவுத்துக்குள்ள வர்ற ஓட்டை இருக்குது பாருங்க, அதுல வெள்ளை சிமெண்டக் கொழைச்சு நானே என்ர கையில அடைச்சேன். தண்ணி போற குழாய் வாயில கொசுவலைய ரெண்டு மடிப்பு மடிச்சுக் கட்டிட்டேன். வெளிய இருக்கற பொட்டிக்கு நாலு பக்கமும் வலை. சன்னலுக்கு ஆணி வெச்சு அடிச்சாச்சு, தொறந்தாத்தான பூச்சி வரும். சல்லடை மூடிக்குப் பொறகால துணியில முடிஞ்சு பாச்சா உருண்டை வெச்சிருக்கறேன், இருவதோ முப்பதோ. அதான் உங்களுக்கு இருமல் வருது. கர்ச்சீப்பக் கட்டிக்குங்க.

போதும்னா நிறுத்திக்குங்க தம்பி. ஆமா, நிறுத்திட்டுத் தொறங்க.

வெளிப்பொட்டிக்கு வலை கட்டறப்பத்தான் ஒரு அணில் கூட்டைப் பாத்தது. பொட்டிக்கும் செவுத்துக்கும் நடுவால தேங்கா நாரு, பஞ்சு, எங்க காசித்துண்டுல இருந்து உருவுன நூலு, எல்லாத்தையும் கொண்டாந்து சேத்தி மெத்தையாட்டப் பண்ணி வெச்சிருக்குது. உள்ள மூணு குஞ்சு. கண்ணு தொறக்கல. எடுத்து மொட்டை மாடியில வெச்சுட்டேன். நான் கொல்லலீங்க, அந்தப் பாவமெல்லாம் நமக்கு வேண்டாம். வெச்சேன், அவ்வளவுதான். வெய்யில்னா எல்லாத்துக்குந்தான் வெய்யில். தாய் வந்து தூக்கிட்டுப் போயிருக்கும்னு நெனைச்சேன். சாயங்காலம் பாத்தா எறும்பு மொய்க்குது. அந்தத் தாய் அணிலுக்குப் பொறுப்பு இல்ல, அதுக்கு நானென்ன பண்ணட்டும்?

அதுக்குப் போயி அவ அழுதா பாருங்க. என்ர மருமவ, வினோதினி. சிவகிரிப் பக்கத்துப் புள்ளை. மருந்துப் படிப்புப் படிச்சவ. ஒரு அட்டைப் பொட்டியில பஞ்சை வெச்சு அந்த மூணையும் அள்ளிட்டு வந்து, ஒண்ணுக்கு இன்னும் உசுரு இருக்குதுங்கத்தைன்னு சொட்டுச் சொட்டாப் பால் ஊத்திட்டு உக்காந்துட்டா. அன்னைக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க. காப்பி வெக்க ஆளில்ல. மருமவ அணிலுக்குப் பால் குடுத்துட்டு இருக்கறா. அதுவும் பொழுதோட செத்துப்போச்சு. அப்பலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவ இந்த ஊட்டுக்கு ஆகமாட்டான்னு.

குத்தம் சொல்லறதுக்குன்னே பொறந்தவ. ரூம்புல நாத்தம் அடிக்குதும்பா. பாச்சா உருண்டை வாசம் நேரா மூஞ்சியில அடிக்குது, நெஞ்சை அடைக்குதும்பா. ஒரு நாளைக்கு மூணு தடவை வாந்தி. மாசமா இருக்கறவ வாந்தி எடுக்கத்தான செய்வா, அதுக்கு உருண்டை என்ன பண்ணும்? சன்னலு ஆணியப் புடுங்கிட்டுத் தொறந்து வெச்சா ஒரு நாளு. நான் மறுபடியும் அடிச்சேன், இந்தத் தடவை பெரிய ஆணி. குழாயில தண்ணி போகாம செவுத்தோட ஒழுகுது, வலைய எடுக்கலாமுங்கத்தைன்னா. வெளிப்பொட்டி வலையில தூசி அடைச்சுட்டு மெசின் மூச்சு உட முடியாமக் கெடக்குதும்பா. மெசினுக்கு மூச்சாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

என்னங், நீங்களும் அதையே சொல்றீங்க? வலைய எடுத்தாத்தான் ஓடுமா? சரி சரி, அது உங்க தொழிலு, நீங்க சொல்லுவீங்க. அவளுக்கென்ன தெரியும்?

மூடியக் கழட்டிட்டீங்களா? உள்ள என்னமாச்சும் தெரியுதா? நல்லாப் பாருங்க, அவசரமில்ல. வெளக்கடிச்சுப் பாருங்க.

சொல்ல வந்தது என்னன்னா, அவ மாசமா இருந்தா. நாலு மாசம்னு சொன்னாங்க. நான் வெரல் உட்டு எண்ணுனேன். பங்குனியில நவநீதன் மஞ்ச வாங்கறதுக்கு சாங்கிலி போயிட்டான். இருவது நாளு அங்கயே இருந்தான். அப்பறம் எப்படி இந்தக் கணக்கு வரும்? நடுவால ரெண்டு நாளு வந்தான், வரலைன்னு சொல்லல. ஆனா அவன் வந்தது எங்க பெரியமச்சாண்டார் பேத்தி கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்கு வந்தவனை எப்படிக் கணக்குல சேக்கறது? டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துட்டு எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுன்னு நாளைக் குறிச்சுக் குடுத்தாங்க. அது மெசின். மெசினுக்கு என்ன தெரியும், ஆரு வயித்துல ஆரு இருக்கறான்னு?

மனசுக்குள்ள இதைப் போட்டு வெச்சுட்டு எத்தனை நாளைக்கு இருக்கறது? ஒரு நாளு மத்தியானம் இந்த ரூம்புக்கு வந்தேன். இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தா. நான் வந்தா மொதல்ல ரிமோட்டை எடுத்து ஏசிய நிறுத்திருவேன், முட்டிக்கு ஆகாதுன்னு சொன்னேனில்ல. எப்பவுமே அப்படித்தான். நிறுத்திட்டுக் கால்மாட்டுல உக்காந்தேன். அம்மிணி, மாமியான்னு நெனைக்காத, பெத்த தாயா நெனைச்சுச் சொல்லுன்னு தன்மையாத்தான் கேட்டேன். அவளுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனப்பறம் எந்திரிச்சு உக்காந்துட்டா. மூஞ்சி வெள்ளைத் துணியாட்ட ஆயிருச்சு. உங்க பேரன்தானுங்கத்தை, வேற என்ன சொல்லட்டும்னு அழுதா. அதுக்கு ஒரு கெவுளியும் சொல்லல.

அப்பறம் நான் சொன்னேன். எனக்கென்னமோ இது எங்க ரத்தம்னு தோணலைன்னு, அவ்வளவுதான் சொன்னேன். வாய மூடல, டிக் டிக் டிக். இதா, நீங்க நிக்கறீங்களே, உங்க தலைக்கு நேரா. இந்தப் பொட்டிக்குள்ள இருந்து.

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. கட்டில் சட்டத்துல மூணு தட்டு தட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்பவும் நான் அவசரப்படலீங்க. ஒரு தடவை சொன்னதை வெச்சு ஒரு குடும்பத்தைக் கலைக்கலாமா? மறுநாளு வந்தேன், நிறுத்துனேன், உக்காந்தேன், பேசுனேன், சொல்லுச்சு. அதுக்கும் மறுநாளு வந்தேன், சொல்லுச்சு. நாலு நாளு பாத்தேன். நாலு நாளும் நான் சொன்னதுக்குத்தான் சொல்லுச்சு, அவ சொன்னதுக்கு ஒரு தடவை கூட சொல்லல. அப்பறந்தான் நவநீதன்கிட்டச் சொன்னேன்.

அவன் நம்பல. கட்டுனவ மேல ஆசை, எப்படி நம்புவான்? அம்மா, என் காதுல கேட்டாத்தான் நம்புவேன்னான். சரி வா சாமின்னு கூட்டிட்டு வந்தேன். ஞாயித்துக்கெழமை. அவ இங்க, அவன் அங்க பீரோவுல சாஞ்சுட்டு நின்னான். மெசின் எரைச்சல்ல கெவுளி சொல்றது கேக்காதேன்னு நானே நிறுத்துனேன். அவளைத்தான் மொதல்ல பேசச் சொன்னேன். ஞாயம்னா ஞாயமா இருக்கோணுமில்லைங்க. அவ வயித்து மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுனா. மாமா, உங்க புள்ளைதான் மாமான்னு அவனைப் பாத்துச் சொன்னா. ஒண்ணுங் காணோம். அவன் அந்தப் பொட்டியவே பாத்துட்டு நிக்கறான். நான் பொறுமையா இருந்தேன். அப்பறம் சாமியக் கும்புட்டுட்டு, இந்தக் கொழந்தை இந்தக் குலத்துக் கொழந்தை இல்லைன்னு நிறுத்தி நிதானமாச் சொன்னேன்.

சொல்லுச்சு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை.

நவநீதன் அப்படியே பீரோவோட வழுக்கி உக்காந்துட்டான். அப்பப் பாருங்க அவ கெட்டிக்காரத்தனத்தை. மாமா, இது கெவுளி இல்ல மாமா, பிளாஸ்டிக்கு. ஏசிய நிறுத்துனா கொஞ்ச நேரங்கழிச்சு இந்தச் சத்தம் வருது, நான் நாள் பூராவும் இந்த ரூம்புலதான் கெடக்கறேன், எனக்குத் தெரியும், நீங்க ஒருக்கா போட்டு நிறுத்திப் பாருங்கன்னு அவன் காலைப் புடிச்சுட்டுச் சொல்றா. சாமி சொன்ன சொல்ல பிளாஸ்டிக்குங்கறா. மாட்டிக்கிட்டவ வேறென்ன சொல்லுவா?

போட்டு நிறுத்திப் பாக்க நான் உடல. சாமிக்குப் பரிச்சை வெக்கறதுக்கு நாம ஆரு? ரிமோட்டை இடுப்புல சொருகிட்டேன்.

அன்னைக்கே அவங்கப்பனுக்குப் போன் பண்ணி, உங்க புள்ளை வருது, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கன்னு சொல்லிப்போட்டேன். கார்ல உட்டுட்டு வரட்டுமான்னு நவநீதன் கேட்டான். எதுக்குங்கறேன், பஸ்ஸு ஓடாமயா இருக்குது? அஞ்சாவது மாசம் பொறந்திருந்துச்சு அவளுக்கு. வாசல்ல செருப்ப மாட்டிட்டு அவனைப் பாத்தா. மாமா, நீங்க ஒண்ணுமே சொல்லமாட்டீங்களான்னா. அவன் தலையக் குனிஞ்சுட்டான். அதுதான் என்ர பையன். எதுத்து ஒரு வார்த்தை வராது. அப்படித்தான் வளத்தியிருக்கறேன்.

பொறந்தது பையன். எட்டு மாசமாகுது. வினோதினி அப்பன் போன்ல போட்டோ அனுப்புனாரு. மூக்கும் முழியும் நவநீதன் சின்ன வயசுல இருந்தாப்பலயேதான் இருக்குது, அந்த ஏறுநெத்தி கூட. இருந்தா என்னங்கறேன்? ஊருக்குள்ள ஒருத்தனாட்ட ஒருத்தன் இருக்கறதில்லையா? ரத்தத்தை எடுத்துப் பாத்துரலாம், அதுல தெரிஞ்சுரும்னு அந்த மனுசன் நாலு பெரியவங்களை வெச்சுக் கேட்டாரு. கெவுளி சொன்னப்பறம் ரத்தம் எதுக்குன்னு நான் கேட்டேன். பெரியவங்க துண்டை ஒதறிப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. வேறென்ன பண்ணுவாங்க?

கீழ ஒரு பொம்பளை குரல் கேட்டுச்சா? வேலைக்காரிதான், பாத்திரம் கழுவறா. அவன் இன்னும் வரல. நீங்க பாருங்க.

எல்லாம் அடங்கி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. பெருந்துறையில ஒரு எடம் வந்திருக்குது. நல்ல குடும்பம், புள்ளை அதிகம் படிக்கல. வக்கீல் எழுதிக் குடுத்த டைவர்ஸ் பேப்பர் சாமி ரூம்புல இருக்குது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவ போட்டு அனுப்பிட்டா, பாருங்க. மானஸ்தி. இவந்தான் இன்னைக்குப் போடறேன் நாளைக்குப் போடறேன்னு இழுத்துட்டே இருந்தான்.

போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் இவன் தனியா மேல வந்திருக்கறான். ஏசிய ஓட உட்டு, நிறுத்திட்டு, பேசாம உக்காந்திருக்கறான். மறுபடியும் ஓட்டி, மறுபடியும் நிறுத்தி. நாலு தடவையாம். எறங்கி வர்றப்ப மூஞ்சியே வேற மாதிரி இருந்துச்சு. அம்மா, நான் வாயே தொறக்கலம்மா, அது பாட்டுக்குச் சொல்லுதுன்னான். கெவுளின்னா சொல்லத்தான சாமி செய்யும்னேன். இல்லம்மா, எல்லா ஓட்டையும் நீதான அடைச்சே, அதுக்குள்ள கெவுளி எப்படிப் போச்சுன்னு கேட்டான்.

முப்பத்திரண்டு வருசத்துல என்னைய அவன் கேட்ட மொதக் கேள்வி அது.

அப்பறம் சொன்னான். சனிக்கெழமை ஆள் வரச் சொல்லித் தொறக்கறேன். உள்ள கெவுளி இருந்துச்சுன்னா அன்னைக்கே பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா சாயங்காலமே சிவகிரிக்குப் போயி அவளையும் பையனையும் கூட்டிட்டு வந்துருவேன், நீ தடுக்கக் கூடாதுன்னான். பையனையும்னு சொல்றான். அதுக்காவத்தான் உங்களை வரச் சொன்னதே. நீங்க சர்வீசுன்னு நெனைச்சுட்டு வந்திருக்கறீங்க.

டிக்குன்னுச்சே. கேட்டுதா? இதா, இன்னொருக்கா. கேட்டீங்களா தம்பி? உங்க கைக்குப் பக்கத்துலதான். புடிங்க, புடிங்க.

என்னங்?

பிளாஸ்டிக்கா. குளுந்து போயிருந்தது நிறுத்துனப்பறம் சூடேறி விரியுதா. எல்லா ஏசியிலயும் வருமா. உங்க ஊட்டு ஏசியிலயுமா.

நல்லாப் பாத்தீங்களா? கெவுளி இல்லைன்னாலும் புழுக்கையாச்சும் இருக்கும். முட்டை ஓடு? அதுவுமில்லையா? இத்தனை பந்தோபஸ்துல ஒரு கொசு கூட வந்திருக்க முடியாதுன்னு சொல்றீங்க. நல்லா அடைச்சிருக்கறீங்கம்மான்னு வேற சொல்றீங்க.

சித்த இருங்க. நான் உக்காந்துக்கறேன்.

இல்லைங்க, மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க சின்ன வயசு, உங்களுக்குப் புரியறாப்பலயே சொல்றேன். அன்னைக்கு ஒரு கெவுளி இருந்துச்சு. இருந்துதான் சொல்லுச்சு. ஒரு வருசத்துல அது எங்கயோ போயிருச்சு, அவ்வளவுதான். எப்படிப் போச்சுன்னு நீங்க கேக்காதீங்க, சாமி காரியத்துல எப்படிங்கற கேள்வி இல்ல. சாட்சி சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டான்னா சாட்சி பொய்யாயிருமா?

இதைப் புடிங்க. பேப்பர்ல சுருட்டியிருக்குது, பயப்படாதீங்க, செத்ததுதான். காலையில சாமி ரூம்புல முருகன் படத்துக்குப் பொறகால இருந்த கெவுளி. எத்தனையோ வருசமா அங்கயே இருக்குது, வெளக்கு வெக்கறப்ப எட்டிப் பாக்கும். கையில புடிக்கலாம்னு போனேன், வாலை மட்டும் உட்டுட்டு ஓடுச்சு. அப்பறம் சீமாத்துல ஒரே அடி. பாவந்தான், எனக்குத் தெரியாதா? காஞ்சிபுரம் போயி தங்கப் பல்லியத் தொட்டுக் கும்புட்டுட்டு வந்துட்டா அந்தத் தோசம் போயிரும். பெருந்துறைப் புள்ளை வந்தப்பறம் ரெண்டு பேரையும் கூட்டிட்டே போயிட்டு வந்தர்றேன்.

அதை அந்தத் தகட்டுக்கும் மூடிக்கும் நடுவால வெச்சுருங்க. அவ்வளவுதான். உங்களுக்குப் பேசுனதுக்கு மேல போட்டுக் குடுத்தர்றேன்.

ஏன் தம்பி எறங்கறீங்க?

உங்களுக்குக் கொழந்தை இருக்குதா? ஒண்ணா? பொண்ணா? சரி. எனக்கும் ஒண்ணுதான். அந்த ஒண்ணு கையை உட்டுப் போயிருமேன்னு நான் தவிக்கறது உங்களுக்குத் தெரியல. அவ திரும்பி வந்தா என்னாவும்? பிளாஸ்டிக்குன்னு அவ சொன்னதுதான் நெசம்னு ஆயிரும். நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிரும். அந்தப் பையன் இந்த ஆசாரத்துல தவழ்ந்துட்டு வந்து என்ர சீலையப் புடிப்பான். நான் அவனை எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் தூக்குவேன்? என்னால முடியாதுங்க. அது அங்கயே வளரட்டும். அப்பன் இல்லாத புள்ளைக ஊர்ல எத்தனையோ வளருது.

மாட்டீங்களா? வேண்டாம், உடுங்க. எனக்கே கை காலு நல்லாத்தான் இருக்குது. அக்கட்டால நவுருங்க. இப்படித்தான, இந்த மடிப்புல. சிமெண்ட் அடைச்ச கை, இது வெக்காதா? உக்காந்துக்கிச்சு பாருங்க, அங்கயே குடியிருந்தாப்பல.

வண்டிச் சத்தம் கேக்குது. அவந்தான். மணி பன்னெண்டரை கூட ஆகல, இன்னைக்கு அவ்வளவு அவசரம். மூடியப் போடுங்க தம்பி. போடுங்கங்கறேன். அவன் வந்து சொன்னப்பறம், மொதத் தடவை தொறக்கறாப்பல தொறங்க. நீங்க பொய் ஒண்ணும் பேச வேண்டாம். தொறந்தாப் போதும்.

வா சாமி. எப்படி வேர்த்திருக்குது பாரு, சித்த உக்காரு. தம்பி அப்பப் புடிச்சு உனக்கோசரம் காத்துட்டு இருக்கறாரு. உன்ர கண்ணு முன்னாலயே தொறக்கட்டும். நான் இப்படித் தள்ளி நின்னுக்கறேன், அப்பறம் அம்மா கைய வெச்சான்னு சொல்லக் கூடாது.

தொறங்க தம்பி. தொறக்கச் சொல்றானில்ல.

இதா உழுந்துச்சு. பாத்துக்க. உன்ர காலுகிட்டயே உழுந்துச்சு பாரு. நான் சொன்னேனா இல்லையா?

கையில எடுக்காத சாமி. அதை எதுக்குத் தூக்கி வெளிச்சத்துல பாக்கறே? வாலா? வாலு உள்ள எங்கயாச்சும் மாட்டியிருக்கும். வெரல்ல ஒட்டுதா? குளுரு மெசினுக்குள்ள கெடந்த பண்டம் எப்படிக் காயும்? காயாது. ஒரு வருசமா ஓடலைன்னா என்ன, நீதான் போன ஞாயித்துக்கெழமை நாலு தடவை ஓட்டுனே.

தம்பி என்னமோ சொல்ல வாயெடுக்கறாரு. சொல்லுங்க தம்பி. எனக்கென்ன பயம், என்ர பையன் முன்னாலயே சொல்லுங்க.

என்ன சாமி? அவரைச் சொல்ல வேண்டாங்கறயா?

கேட்டுக்குங்க தம்பி. ஒண்ணும் சொல்ல வேண்டாம், உட்டுருங்கங்கறான். உங்க சாமானை எடுத்து வெச்சுட்டுப் போலாமாம்.

அந்த வெரலைத் துணியில தொடச்சுக்க சாமி. பேப்பர் சாமி ரூம்புலதான் இருக்குது, பேனாவும் அங்கயே வெச்சிருக்கறேன். என்ன கேக்கறே? சோறா? ஆயிருச்சு சாமி. கையக் கழுவிட்டு வா, போடறேன்.